காற்றை முதுகில் வாங்குகிறவள்

"இன்ஜின் போச்சு," என்றார் கேப்டன் சாவியோ, காபி ஆறிப்போச்சு என்று சொல்கிற குரலில்.

இன்ஜின் எங்கேயும் போகவில்லை. இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற, உதயாவின் கைக்குப் பக்கத்தில் இருந்த த்ராட்டிலை அவர்தான் பின்னால் இழுத்துவிட்டு, ஒன்றுமறியாத பிள்ளை போல ஜன்னல் வழியே மீஞ்சூரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காருகிற பயிற்சி விமானம் அது. இவ்வளவு நேரம் காதை அடைத்துக்கொண்டிருந்த இரைச்சல் அடங்கி, முன்னால் காற்றாடி அரைத் தூக்கத்தில் சுற்றியது. வெளியே காற்று மட்டும் இறக்கையை உரசிக்கொண்டு போனது.

இன்ஜின் நின்றால் விமானம் கல் மாதிரி விழுந்துவிடும் என்று ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். பயிற்சிப் பள்ளியில் சேர்கிற வரைக்கும் உதயாவும் அப்படித்தான் நினைத்தாள். விழாது. சறுக்கிக்கொண்டு வரும். வருகிற அந்தச் சில நிமிஷங்களுக்குள் ஒரு காலி நிலத்தைப் பார்த்து வைத்து, காற்றுக்கு எதிராகத் திரும்பி, அதில் கொண்டுபோய் இறக்க வேண்டும். எதிர்க்காற்று வேகத்தைக் குறைக்கும். சின்ன இடத்திலும் நிற்க முடியும். பாடம் இவ்வளவுதான்.

உதயா செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். விமானத்தின் மூக்கைத் தாழ்த்தினாள். சறுக்குகிற வேகத்தைப் பிடித்தாள். பெட்ரோல் வால்வு, சுவிட்சுகள் எல்லாவற்றையும் விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். கீழே மரமில்லாத, கம்பியில்லாத, அறுவடை முடிந்த ஒரு வயலைத் தேர்ந்தெடுத்தாள். கிழக்கு மேற்காக நீளமாகக் கிடந்தது.

"காற்று?" என்றார் சாவியோ.

"கிழக்கிலிருந்து சார். கடல்காற்று."

"அப்போ எந்தப் பக்கம் பார்த்து இறங்கணும்?"

"கிழக்கைப் பார்த்து சார். காற்றுக்கு எதிரா."

"ஷபாஷ். போ."

போனாள். அழகாக வளைந்து, காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு, மேற்கைப் பார்த்து.

காற்று பின்னாலிருந்து தள்ளத் தள்ள, வயலின் முன்வரப்பு காலுக்கடியில் போனது. நடுவயல் போனது. பின்வரப்பும் போனது. விமானம் இன்னும் பத்துப் பனை உயரத்தில் ஜாலியாக மிதந்துகொண்டிருந்தது. எதிரே உயர் அழுத்த மின்கம்பிகள் வரிசையாக நின்று வரவேற்றன. சாவியோ த்ராட்டிலை முன்னால் தள்ளினார். இன்ஜின் கத்தியது. விமானம் மேலே ஏறியது. யாரும் சாகவில்லை, உதயாவின் மானத்தைத் தவிர.

"நான் என்ன பண்ணினேன் சார்?" என்றாள் உண்மையாகவே குழம்பிப்போய்.

"அதைத்தான் நானும் கேக்கிறேன். வாய் கிழக்குன்னு சொல்லுது, கை மேற்கே போகுது. உனக்கும் உன் கைக்கும் பேச்சுவார்த்தை இல்லையா?"

சாவியோ பெங்களூரில் வளர்ந்தவர். மாணவர்களைத் திட்டவே மாட்டார். திட்டாமல், நெற்றியைத் தடவிக்கொண்டு அவர்களைப் பற்றி நிஜமாகவே கவலைப்படுவார். அதற்குத் திட்டே தேவலை. இறங்கிய பிறகு நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இது இரண்டாவது தடவை உதயா. நாளைக்கு மூணாவது. அதுதான் கடைசி. நாளைக்குச் சரியா வந்தா நீ தனியாப் பறக்கலாம். இல்லைன்னா..." மீதியை நெற்றிக்குள்ளேயே தேய்த்துவிட்டார்.

மீதி அவளுக்குத் தெரியும். அரசாங்க உதவித்தொகையில் கிடைத்த இடம். மூன்று தடவை தவறினால் இடம் போய்விடும். மீனவக் குப்பத்தில் முதல் பைலட் என்று அவளுக்கு வைத்த பேனர் இன்னும் கிழியவில்லை. பைலட் கிழிந்துவிடுவாள் போலிருந்தது.

மீஞ்சூரில் மின்சார ரயில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எழுத்துத் தேர்வில் காற்றைப் பற்றிய தாளில் வகுப்பிலேயே அவள்தான் முதலிடம். காற்றுக்கு வேகம், திசை, குணம், கோபம் எல்லாம் கணக்குப் போட்டு எழுதியிருந்தாள். அப்புறம் ஏன்? இடது வலது தெரியாத வியாதி ஏதாவது இருக்கிறதா என்று போனில் தேடினாள். இருந்தது. அதற்கான அறிகுறிகள் எல்லாம் தனக்கு இருப்பதாகத் தோன்றியது. அடுத்த பக்கத்தில் இருந்த சிறுநீரகக் கல்லின் அறிகுறிகளும் இருப்பதாகத் தோன்றியதால் போனை மூடிவிட்டாள்.

அத்திப்பட்டு தாண்டும்போது அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் தெரிந்தன. புகை மேற்கே சாய்ந்திருந்தது. கடல்காற்று கிழக்கிலிருந்து அடிக்கிறது என்று அர்த்தம். இதை அவளுக்கு எந்தப் பள்ளியும் சொல்லித்தர வேண்டாம். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துத்தான் எண்ணூர்க்காரர்கள் துணி காயப்போடுகிறார்கள். ஆக, காற்று தெரிகிறது. எதிர்ப்பக்கம் எது என்றும் தெரிகிறது. தெரிந்துகொண்டே தப்பாகப் போவது எப்படி என்றுதான் தெரியவில்லை.

காலடிப்பேட்டைக்குக் கிழக்கே, கடலை ஒட்டிய குப்பத்தில் வீடு. வாசலில் அம்மா கோவிந்தம்மா மீன் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, மூஞ்சி கருவாடு மாதிரி கீது?"

"நாளைக்கு டெஸ்டும்மா."

"எயுதறதா, ஓட்டறதா?"

"ஓட்டறது." யோசித்தாள். "ஓட்டாம எறங்கறது."

கோவிந்தம்மா மகளை மேலும் கீழும் பார்த்தாள். "கைய கால கய்விக்கினு வா. தோசை ஊத்தறேன்," என்றாள். அவளுக்குப் புரியாத எல்லாக் கஷ்டத்துக்கும் தோசைதான் மருந்து.

தங்கை வினிதாவிடம் மட்டும் உதயா விஷயத்தைச் சொன்னாள். பி.காம் இரண்டாம் வருஷம் படிக்கும் வினிதாவுக்கு உலகத்தில் தீர்க்க முடியாத பிரச்சினை என்று எதுவும் கிடையாது, அவளுடைய அரியர்களைத் தவிர.

"இவ்ளோதானா? இங்கியே ப்ராக்டிஸ் பண்ணிடலாம்க்கா." டேபிள் ஃபேனைத் தூக்கிக் கிழக்குச் சுவரோரம் வைத்தாள். பாயை நடுவில் விரித்தாள். "அந்தச் சொவரு கடலு. ஃபேன்தான் காத்து. பாய்தான் வயலு. நீதான் பிளேனு. ரெடியா?"

இருபத்திரண்டு வயதுப் பெண், இரண்டு கைகளையும் இறக்கை மாதிரி விரித்துக்கொண்டு, சமையல்கட்டிலிருந்து கிளம்பினாள். பீரோவைச் சுற்றி வந்தாள். கட்டில் மூலையில் இன்ஜின் போய்விட்டது என்று வினிதா கத்தினாள். உதயா மூக்கைத் தாழ்த்தி, உடம்பைச் சாய்த்து, பதவிசாக வளைந்து, பாயில் வந்து நின்றாள்.

முதுகில் ஃபேன் அடித்தது.

"அக்கா! மறுபடியும் தப்பு!"

"எங்க தப்பு?" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. அப்பா ரகுபதி. பக்கத்தில் அவருடைய படகுப் பங்காளி பரசுராமன். இரண்டு பேரும் டீ கிளாசோடு எப்போது வந்து நின்றார்கள் என்று தெரியவில்லை. "சோக்கா வந்தாளே. காத்தை முதுகுல வாங்கி, மெதுவா வந்து நின்னா. இதுக்கு மேல இன்னா வோணும்?"

"நைனா, காத்துக்கு எதிரா வந்து எறங்கணும்."

"எதிராவா?" ரகுபதி டீயைக் கீழே வைத்தார். "யாரு சொன்னாங்க?"

"எங்க கேப்டன் சொன்னாரு. புக்குலயும் கீது."

"எதுர்க்காத்துல கரை ஏறுனவன நான் பார்த்ததே இல்ல," என்றார் பரசுராமன். "பொறந்ததுலேர்ந்து கடல்லதான் கீறேன். ஒருத்தன் கூட இல்ல."

ரகுபதி உள்ளே வந்து ஃபேனுக்கு முன்னால் நின்றுகொண்டார். "தோ பாரு கண்ணு. மத்தியானம் நாம எப்டி கரைக்கு வர்றோம்? காத்து பின்னால, அலை பின்னால. நல்ல அலையாப் பார்த்து அது முதுகுல ஏறிக்கணும். கரை கிட்ட வந்ததும் இன்ஜினை நிறுத்தி மேல தூக்கிடணும். அப்பால அலையே கொண்டாந்து மணல்ல குந்த வெச்சிடும். இன்ஜின் இல்லாம கரை ஏறுறது இன்னாமே பெரிய வித்தை? நான் தெனம் பண்றேன். எனக்கு எவன் பேனரு வெச்சான்?"

"உங்க நைனா சொல்றது கரெக்டு," என்றார் பரசுராமன். "உங்க வாத்தியாரை ஒரு நாளு எங்க போட்டுல குந்த சொல்லு. எதுர்க்காத்துல கரை ஏத்தி காட்டட்டும். அந்தாளு ஒரு பக்கம் மெதப்பான், போட்டு ஒரு பக்கம் மெதக்கும்."

உதயா இறக்கையை மடக்க மறந்து நின்றுகொண்டிருந்தாள்.

நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அப்பாவின் படகில் முன்பக்கம் உட்கார்ந்து வந்தவள் அவள். முதுகில் கடல்காற்று பட்டால் கரை வருகிறது என்று அர்த்தம். முதுகில் காற்று பட்டால் சோறு, வீடு, அம்மா, முடிந்தது. இன்ஜின் சத்தம் நின்று, காற்று மட்டும் கேட்டு, கீழே நிலம் தெரிந்தால், அவளுடைய கை யாரைக் கேட்டுத் திரும்ப வேண்டும்? புத்தகத்தையா?

அப்பாடா என்றிருந்தது. வியாதி இல்லை. ஆனால் அந்த அப்பாடா பாயைச் சுற்றி ஒரு தடவை வருவதற்குள் தீர்ந்துபோனது. காரணம் தெரிந்த பிறகும் மறுபடி பாயில் வந்து நின்றபோது ஃபேன் முதுகில்தான் அடித்தது.

"ஃபேனை மாத்தி வெச்சிப் பார்க்கலாம்," என்று வினிதா அதை மேற்குச் சுவருக்குத் தூக்கினாள்.

"அந்தப் பக்கம் சாமி படம் கீது. கடலு எப்டி அங்கேர்ந்து வரும்?" என்றாள் கோவிந்தம்மா, தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்து.

"கடலு வரலம்மா, காத்துதான் வருது."

"கடலு இல்லாம காத்து எங்கேர்ந்து வரும்?"

இப்போது வீட்டில் ஐந்து பேர். ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு பக்கம் கடல் இருந்தது. ரகுபதி ஒரு தடவை தானே கையை விரித்துக்கொண்டு பீரோவைச் சுற்றி வந்து எப்படி இறங்க வேண்டும் என்று காட்டினார். பரசுராமன் அலையாக இருந்து அவரைப் பின்னாலிருந்து தள்ளினார். பாய் சுருண்டது. உதயாவுக்குத் தலை சுற்றியது. கிழக்கு, மேற்கு, எதிர், முதுகு எல்லாம் ஒரே மாவாகக் கரைந்தது. அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. ஃபேன் முனகி நின்றது.

"தோ," என்றார் பரசுராமன் இருட்டிலிருந்து. "இப்ப எந்தப் பக்கம் வோணா எறங்கலாம்."

சாப்பிட்ட பிறகு உதயா வெளியே மணலில் போய் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ரகுபதியும் வந்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அவர் பேசாமல் உட்கார்ந்தால் ஏதோ பெரிதாகப் பேசப் போகிறார் என்று பொருள்.

"நான் ஒன்ன சின்னதுலேர்ந்து போட்டுல ஏத்திக்கினு சுத்துனேன் இல்ல, அதுனாலதான் தப்பாவுதா?"

"அய்ய, அதெல்லாம் ஒண்ணும் இல்ல நைனா."

"ஒங்கம்மா அப்பவே சொன்னா. பொட்டப்புள்ளைய எதுக்கு போட்டுல ஏத்துறன்னு."

"இல்லன்னு சொல்றேன் இல்ல."

அவர் நம்பவில்லை. அவளும் நம்பித்தான் சொன்னாளா என்பது அவளுக்கே விளங்கவில்லை. அப்பாவுக்கு என்ன பதில் சொன்னாலும் ஒரு பாதி பொய்யாக இருந்தது. நாளைக்குத் தேறினால் அந்தப் பாதியும் உண்மையாகிவிடும். தேறாவிட்டால் இந்த மனுஷன் இனிமேல் ஒவ்வொரு முறை படகைக் கரையேற்றும்போதும் பெண்ணின் வேலையைத் தான்தான் கெடுத்தோம் என்று நினைத்துக்கொண்டே ஏற்றுவார்.

காலையில் கிளம்பும்போது வினிதா அவளுடைய வலது புறங்கையில் பேனாவால் பெரிய அம்புக்குறி போட்டுவிட்டாள். "காத்து எந்தப் பக்கம்னு குழப்பமே வராது. இதைப் பாரு, போதும்."

அந்த அம்புக்குறியின் லட்சணம் மூவாயிரம் அடி உயரத்தில்தான் தெரிந்தது. கை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அம்பும் அந்தப் பக்கமே காட்டியது. கிழக்கே திருப்பினால் கிழக்கு, மேற்கே திருப்பினால் மேற்கு. இவ்வளவு விசுவாசமான அம்பை உதயா பார்த்ததில்லை.

சாவியோ அதைப் பார்த்தார். கேட்கவில்லை. நெற்றியை மட்டும் தடவினார்.

பதினொரு மணி வெயில். தூரத்தில் எண்ணூர்ப் புகை மேற்கே சாய்ந்திருந்தது. கீழே உப்பளங்கள், வறண்ட வயல்கள், நடுவில் நூல் மாதிரி ரயில் பாதை.

"இன்ஜின் போச்சு," என்றார் சாவியோ.

சத்தம் அடங்கியது. மூக்கைத் தாழ்த்தினாள். வேகம் பிடித்தாள். வால்வு, சுவிட்ச், எல்லாம் சொன்னாள். இடது பக்கம் ஒரு வயல்; நடுவில் ஒரு மாடு கட்டியிருந்தது. அதற்கு அடுத்த வயல் காலி. கிழக்கு மேற்காக நல்ல நீளம்.

"காற்று?"

"கிழக்கிலிருந்து சார்."

"எந்தப் பக்கம் பார்த்து இறங்கணும்?"

உதயா பதில் சொல்லவில்லை. நேற்றும் அதற்கு முன்னாலும் சரியான பதிலைச் சொல்லிவிட்டுத்தானே தப்பாகப் போனாள்? சரியாகச் சொல்வதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. வயல் கீழே வட்டமடித்தது. இந்த இடத்தில் திரும்ப வேண்டும். கை தன் பாட்டுக்கு மேற்கே போகத் தயாராக இருந்தது. அந்தப் பக்கம்தான் கரை. அந்தப் பக்கம்தான் சோறு, வீடு, அம்மா. கையைத் திட்டினாள். கேட்கவில்லை. கெஞ்சினாள். அதுவும் கேட்கவில்லை. கரைக்கு வருகிறோம் என்று நினைக்கிற கை வேறு எப்படித் திரும்பும்?

அப்படியானால் கரைக்கு வரவே வேண்டாம்.

குப்பத்தில் மீன்பிடிக்கப் போவதைத் தொழிலுக்குப் போவது என்பார்கள். சாயங்காலக் கடல்காற்றில் மணலிலிருந்து படகைத் தள்ளி இறக்கும்போது யாராவது அலைக்கு முதுகைக் காட்டுவார்களா? மூக்கு நேரே அலையைப் பார்த்து இருக்க வேண்டும். கொஞ்சம் கோணினாலும் புரட்டிவிடும். படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முகத்தில் காற்றை வாங்கிக்கொண்டு, கிழக்கே தள்ளிய கையும் இதே கைதான்.

"தொழிலுக்குப் போறோம்," என்றாள் கையிடம். சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

"என்ன?" என்றார் சாவியோ.

கை திரும்பியது. விமானம் ஒரு சாய்வு சாய்ந்து கிழக்கைப் பார்த்தது. தூரத்தில், உப்பளங்களுக்கு அப்பால், கடல் ஒரு கோடாகப் பளபளத்தது. காற்று எதிரே வந்து மார்பைப் பிடித்து நிறுத்தியது போல வேகம் அடங்கியது. நேற்றைப் போல வயல் காலுக்கடியில் நழுவி ஓடவில்லை. கண்ணாடியில் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, பெரிதாகி, இன்னும் பெரிதாகி வந்தது. வரப்பு தெரிந்தது. வைக்கோல் தாள்கள் தெரிந்தன. பக்கத்து வயல் மாடு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதைவிடப் புல் முக்கியம் என்று குனிந்துகொண்டது.

"ஓகே," என்றார் சாவியோ. "மேலே ஏறு."

த்ராட்டிலைத் தள்ளினாள். இன்ஜின் கத்தியது. வயல் கீழே போனது.

ஓடுதளத்தில் இறங்கி, இன்ஜினை நிஜமாகவே நிறுத்திய பிறகு சாவியோ பெல்ட்டைக் கழற்றினார். இன்றைக்கு நெற்றியைத் தடவவில்லை. அதுவே அவளைப் பயமுறுத்தியது.

"அந்த வயல்ல நிஜமாவே இறங்கியிருக்கலாம்," என்றார். "பாஸ். நாளைக்கு நீ தனியாப் பறக்கிற. ஆனா ஒண்ணு சொல்லு. நேத்துக்கும் இன்னைக்கும் நடுவில என்ன மாத்தின?"

"ஒண்ணும் மாத்தலை சார். நேத்து கரைக்கு வந்தேன். இன்னைக்கு தொழிலுக்குப் போனேன்."

சாவியோ அவளைப் பார்த்தார். அவளுடைய கையிலிருந்த அம்பைப் பார்த்தார். "சரி," என்றார், எதுவும் சரியாகாத குரலில். "அடுத்த தடவையும் அங்கேயே போ."

அடுத்த தடவையும் கை கேட்குமா என்று உதயாவுக்கும் தெரியாது. அதை இப்போது யோசித்தால் மறுபடி எல்லாம் மாவாகிவிடும் என்று பயந்து, விமானக் கொட்டகை நிழலில் நின்று வீட்டுக்குப் போன் போட்டாள்.

"நைனா, பாஸு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "பாஸாம்டா பரசு!" என்று கத்தினார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "சோக்கா எறங்குனியா?"

"எறங்கல நைனா."

"இன்னாது?"

"எறங்கற மாதிரி கிட்ட போயி, அப்பறம் மேல ஏறிட்டோம். நிஜமா எறங்க மாட்டாங்க. ப்ராக்டிஸ்தானே."

"கரை ஏறவே இல்லியா? அதுக்கா பாஸு?"

"ஆமா."

"எந்தப் பக்கம் பார்த்து?"

"கடலைப் பார்த்து."

ரகுபதி பரசுராமனிடம் விஷயத்தை அப்படியே ஒப்பிப்பது கேட்டது. கடலைப் பார்த்துக்கினு கரை ஏறணுமாம், ஏறவும் கூடாதாம், ஏறாம இருந்தா பாஸாம். "நல்ல வேளை நாம படிக்கல," என்று பரசுராமன் சொல்வதும் கேட்டது. அதற்குள் போன் கோவிந்தம்மா கைக்கு மாறிவிட்டது.

"தனியா ஓட்டலாம்னு சொல்லிட்டாராடி அந்த ஆளு?"

"சொல்லிட்டாரும்மா. நாளைக்கு நான் மட்டும்தான்."

"அந்த ஆளு கூட ஏற மாட்டாரா?"

"மாட்டாரு."

"அப்ப இன்ஜினை யாரு நிறுத்துவாங்க?"

"யாரும் நிறுத்த மாட்டாங்கம்மா."

கோவிந்தம்மா பெருமூச்சு விட்டாள். நேற்றிலிருந்து அடைத்துவைத்திருந்த மூச்சு. "இத மொதல்லயே செஞ்சிருந்தா இவ்ளோ பேஜாரே இல்ல," என்றாள்.

உதயா விளக்கம் சொல்ல வாயைத் திறந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அம்மா சொல்வதும் சரிதானோ என்று இருந்தது.